புள்ளிக்காரரின் காது

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பென்ஷன் ஆபீஸைத் தவிர அதை இப்போது யாரும் சொல்வதில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் புள்ளிக்காரர். மண்ணுக்குள் காசு கிடந்தால் அதற்கு நேர் மேலே விரலை ஊன்றி, "இந்தப் புள்ளிலதான் இருக்கு" என்பார். தோண்டினால் இருக்கும். கொஞ்சம் இப்படித் தள்ளி, கொஞ்சம் அப்படித் தள்ளி என்கிற கதையே அவரிடம் கிடையாது.

வேலையை விட்டு வரும்போது, கூட வேலைபார்த்தவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் சுவர்க்கடிகாரம் கேட்பார்கள், சாய்வு நாற்காலி கேட்பார்கள். இவர் மெட்டல் டிடெக்டர் கேட்டார். "ரிட்டையர் ஆன மனுஷன் வாக்கிங் போவான், பேப்பர் படிப்பான். எனக்கு வாய்ச்சது குப்பை கிளறப் போகுது" என்று மனைவி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பூங்காவில் தொலைந்த பக்கத்து வீட்டுச் சாவியைக் கணவர் எடுத்துக் கொடுத்து, குடியிருப்பே அதைப் பற்றிப் பேசியபோது அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

கருவி ஒன்றும் மாயமில்லை. நீளமான ஒரு கம்பு, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டு, கைப்பிடியருகே சின்னத் திரை, காதில் ஹெட்போன். வட்டைத் தரைக்குச் சற்று மேலே இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்க வேண்டும். அடியில் இரும்பு கிடந்தால் டொர்ரென்று உறுமும். பித்தளை, செம்பு என்றால் குரல் ஏறும். வெள்ளி என்றால் உச்சத்தில் கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம். அந்தக் கீச்சுக்காகத்தான் புள்ளிக்காரர் வெயில் மழை பாராமல் அலைந்தார்.

இவ்வளவும் தேடுகிற வேலை. அவர் பேர் வாங்கியது இதற்கு அடுத்த வேலையில். சத்தம் வந்த இடத்தில் நின்று கைப்பிடியிலுள்ள பட்டனை அழுத்துவார். உடனே கீச்சும் உறுமலும் போய்விடும். எந்த உலோகமானாலும் ம்ம்ம் என்று ஒரே முனகல்தான். வட்டு நெருங்கினால் முனகல் பெருகும், விலகினால் சுருங்கும். குறுக்கே ஒரு வீச்சு, அப்படியே திரும்பி நின்று நெடுக்கே ஒரு வீச்சு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை மெதுவாக இறக்குவார். நுனியில் டிக்கென்று தட்டும். புல்லைக் கத்தியால் மூன்று பக்கம் மட்டும் கீறி, டப்பா மூடியைப் போலத் தூக்கி, காசை எடுத்துக்கொண்டு பழையபடி மூடிக் காலால் ஓர் அமுக்கு அமுக்குவார். மறுநாள் அந்த இடத்தை அவரே நினைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு காசின் முகத்திலும் தன் கத்தி பட்டதில்லை என்பதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு கர்வமும் இருந்தது. அதுதான் ஆளைக் கவிழ்த்தது. எந்த உலோகம் கிடக்கிறது என்று அந்தச் சின்னத் திரையில் எண் வரும். இரும்புக்குச் சின்ன எண், வெள்ளிக்குப் பெரிய எண். ஆரம்பத்தில் அவரும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். காது பழகியதும் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்துத் திரையின் மேல் ஒட்டிவிட்டார். யாராவது ஏன் என்று கேட்டால் போதும், கொக்கரிப்பார். "திரையைப் பாத்து காசு தேடுறது, சமையல் புஸ்தகத்தை அடுப்புப் பக்கத்துல விரிச்சு வச்சுட்டு சமைக்கிற மாதிரி. நமக்குக் காது போதும்." குடியிருப்பிலும், 'அவருக்குப் பாம்புக் காது' என்று சொல்லிச் சொல்லி அந்தக் கொம்பை இன்னும் கொஞ்சம் சீவிவிட்டார்கள்.

கொஞ்ச காலமாக அவருக்கு ஆணிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆணி, போல்ட், துருப்பிடித்த கீல். ஒவ்வொன்றையும் கனகச்சிதமாகப் புள்ளி வைத்து எடுத்தார். ஆனால் காசு வரவில்லை. குற்றத்தைக் காலத்தின் தலையில் போட்டார். "இப்பதான் எல்லாரும் ஃபோன்லயே காசு குடுக்குறாங்களே, அப்புறம் மண்ணுல எங்கேருந்து விழும்?" கேட்பவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஹெட்போனின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கடைசி வரை கொண்டுபோய்விட்டதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஹெட்போன் பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

மகளைக் கொடுத்த வீடு. சம்பந்தி திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர், கலகலப்பான மனிதர். அவருடைய அப்பா விட்டுப்போன வெள்ளிக் காசுகள் கொஞ்சம் இருந்தன. பல வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு வெளியூர் போனபோது, திருட்டுக்குப் பயந்து அவற்றை ஒரு துணிப்பையில் முடிந்து பின்தோட்டத்து மாதுளை மரத்தடியில் புதைத்தார். திரும்பி வந்ததும் எடுக்க நினைத்தார், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார், அப்புறம் மறந்தே போனார். பேத்தி பிறந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. மாதுளையைச் சுற்றித் தோண்டிப் பார்த்தால் பையும் இல்லை, ஒன்றும் இல்லை.

அந்தத் தோட்டத்து மண்ணைத் தொடுகிறவர் ஒரே ஒருவர்தான். வாரத்தில் சில நாள் வந்து செடிகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரம்மா. குழாய் போட ஆள் வந்து பள்ளம் வெட்டியபோது, கிடந்த மண்ணை எல்லாம் வாரிச் சமன் செய்ததும் அவர்தான். சம்பந்தியம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொடியில் காயும் துணிகளைக்கூட எண்ணி எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம சம்பந்தி வந்து ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டார்னா முடிஞ்சுது. அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல" என்றார் சம்பந்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை புள்ளிக்காரர் போய் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் கருவி, இடுப்பில் ஸ்க்ரூடிரைவர். வீடே பின்வாசலில் கூடிவிட்டது. மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தாத்தா இப்ப என்ன பண்றாங்க பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரம்மா குழாயடியில் ரப்பர் குழாயைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.

மாதுளையைச் சுற்றி வீசினார். ரோஜாப் பாத்தியில் வீசினார். சுவரோரமாக ஓர் உறுமல் வந்தது. பட்டனை அழுத்தினார், குறுக்கே, நெடுக்கே, விரலை ஊன்றினார். "இந்தப் புள்ளில ஒரு ஆணி இருக்கு." தோண்டினால் ஆணி. பின்வாசலில் கை தட்டினார்கள். அவருக்கு வாயெல்லாம் பல். குழாயடியில் வீசும்போது சம்பந்தி ஏதோ கேட்டார் என்று ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தள்ளிவிட்டுக்கொண்டே பதில் சொன்னார். கை தன் பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது. தோட்டம் முழுக்க ஒரு சாண் விடாமல் வீசி முடித்தார்.

ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "இந்தத் தோட்டத்துல வெள்ளி இல்ல சம்பந்தி. இருந்திருந்தா என் காதுக்குத் தப்பியிருக்காது."

எல்லோருடைய கண்ணும் குழாயடிக்குப் போனது. தோட்டக்காரம்மா இவரை மட்டும் பார்த்தார்.

"ஐயா, நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தாச்சும்மா" என்றார் புள்ளிக்காரர். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆணியையே புள்ளி பிசகாமல் எடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று தோன்றியது. அன்று மாலையே தோட்டக்காரம்மாவின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். திருடி என்று யாரும் சொல்லவில்லை. இனி வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். அப்படிச் சொன்னாலே தெரு முழுக்க மீதியைத் தானாகச் சொல்லிக்கொள்ளும்.

அடுத்த வாரம் புள்ளிக்காரர் வீட்டில் வாஷிங் மெஷினுக்குக் கேடு வந்தது. கேடு என்று சொன்னது அவர்தான். துவைத்து முடித்ததும் அது கூவ வேண்டும், கூவவில்லை. ரொம்ப நாளாகவே கூவவில்லை. லிஃப்டையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மனைவி சந்தைக்குப் போன நேரத்தில் பின்பக்கத்தைக் கழற்றி, கூவுகிற சின்ன வில்லையை எடுத்துவிட்டுப் புதுசு ஒன்றை வாங்கி வந்து பொருத்தினார். மெஷினை ஓடவிட்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஓடியது, நின்றது, விளக்கு மின்னியது. சத்தம் மட்டும் இல்லை.

"புதுசும் அவுட்டு. டூப்ளிகேட்டைத் தலைல கட்டிட்டான்" என்றார், அப்போதுதான் உள்ளே வந்த மனைவியிடம்.

மனைவி கூடையைக் கீழே வைக்காமலே நின்றார். "கத்திக்கிட்டுத்தானங்க இருக்கு."

"எங்க கத்துது?"

"வாசல்ல வரும்போதே கேட்டுச்சு. எப்பவும் கத்தும். நான்தான் வந்து நிறுத்துவேன்."

அவர் மெஷினைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி கூடையை வைத்துவிட்டு வந்து பட்டனை அமுக்கினார். விளக்கு அணைந்தது. அவருக்குக் கேட்காத ஒன்று நின்றுபோனதை மனைவியின் முகத்தில்தான் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் இருக்கும். காலிங் பெல்லும் உங்களுக்குக் கேக்கிறதில்ல. சொன்னா மனசு விட்டுருவீங்க, அந்தக் கம்பைத் தூக்கி மூலைல போட்டுருவீங்கன்னுதான் சொல்லல. பேசுறதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. இந்தக் கீச்சுக்கீச்சுதான் கேக்கல, போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

கீச்சு. அந்த வார்த்தையோடு ஸ்டூலை விட்டு எழுந்தார்.

பீரோவிலிருந்து தன் வெள்ளிக் காசு ஒன்றை எடுத்து வராந்தாத் தரையில் வைத்தார். பக்கத்தில் ஓர் ஆணி. கருவியைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீசினார். ஆணியின் மேல் டொர். காசின் மேல் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வீசினார். ஒன்றுமில்லை. நகத்தால் சுரண்டி, திரையின் மேலிருந்த கறுப்பு டேப்பை உரித்தார். பசை பிசுபிசுவென்று நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மறுபடி வீசினார். காசின் மேல் வட்டு போகும்போதெல்லாம் பெரிய எண் துள்ளி வந்தது, போனது, வந்தது. காதில் மட்டும் மயான அமைதி.

பட்டனை அழுத்திப் பார்த்தார். ம்ம்ம் நன்றாகக் கேட்டது. எங்கே என்று கேட்டால் அவரால் இன்னும் புள்ளி வைக்க முடியும். இருக்கிறதா இல்லையா என்றுதான் அவருக்குத் தெரியாது. அந்த இல்லை என்ற வார்த்தையைத்தான் ஊர் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வெட்கமென்றால் வெட்கம், அப்படியொரு வெட்கம். குழாயடியில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் கண்முன் வந்து நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவி, "போய் உண்மையைச் சொல்லிருங்க" என்றார். "சொல்றேன், சொல்றேன்" என்று எரிந்து விழுந்தார்.

சொல்லத்தான் போனார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பொண்ணைக் கொடுத்த வீட்டு வாசலில் நின்றதும் புத்தி வேறு கணக்குப் போட்டது. காசை எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தம்மாவின் பேர் தானாகச் சுத்தமாகிவிடும். காது விஷயத்தை எதற்கு நடுவில் இழுக்க வேண்டும்?

"அன்னைக்கு பேட்டரி வீக்கா இருந்திருக்கு சம்பந்தி. வீட்டுக்குப் போய்ப் பாத்தப்பதான் தெரிஞ்சுது" என்றார்.

"டேப்பைக் காணோமே?"

"வெயில்ல கழண்டு வந்துருச்சு."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுத்துவிட்டுத் தோட்டத்தில் இறங்கினார். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு வீசினார். குழாயடியில் பெரிய எண் துள்ளியது. பட்டன், குறுக்கே, நெடுக்கே, ஸ்க்ரூடிரைவர், டிக். குழாய்க்குப் பள்ளம் வெட்டியபோது மண்ணோடு மண்ணாகப் பை இங்கே வந்துவிட்டிருக்கிறது. துணி இற்றுப்போயிருந்தது. காசுகள் கறுத்துப்போய்க் கொத்தாகக் கிடந்தன.

"புள்ளின்னா புள்ளிதான்" என்று சம்பந்தி அவரைக் கட்டிக்கொண்டார். "அந்த ஹெட்போனைக் குடுங்க, வெள்ளி எப்படிக் கத்துதுன்னு நானும் கேக்கிறேன்."

புள்ளிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தி மாட்டிப் பார்த்தால் அந்தச் சத்தம் காதைத் துளைக்கும். இவ்வளவு சத்தமாகவா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். "இன்னொரு நாள் பாக்கலாம் சம்பந்தி, பேட்டரி போயிரும்" என்று மென்று விழுங்கி, அவசர அவசரமாகக் கருவியை மடக்கிப் பையில் போட்டார். அதற்குள் சம்பந்தியம்மா காசுகளைக் கழுவி எண்ணிவிட்டார்.

"ஒண்ணு குறையுதே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவ கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணை எடுத்துக்கிட்டு மிச்சத்தை இங்க பொதைச்சு வச்சிருக்கா."

இற்றுப்போன பையிலிருந்து ஒரு காசு வழியில் நழுவியிருக்கலாம், இன்னொரு தடவை வீசிப் பார்க்கிறேன் என்று அவர் அப்போது சொல்லியிருக்க வேண்டும். பையைத் திறந்தால் ஹெட்போன் வெளியே வரும். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். வழி நெடுக அவர் தலை நிமிரவில்லை.

மகள் மறுநாள் ஃபோன் செய்தாள். "பாவம்ப்பா அந்தம்மா. ஏதோ நர்சரில வேலைக்குச் சேந்திருக்காங்க. அந்த ஓனர் இங்க விசாரிச்சிருக்கார். மாமா ஒண்ணும் சொல்லல. அத்தைதான், எங்க வீட்டுல ஒரு வெள்ளிக் காசு காணாமப் போச்சுன்னு மட்டும் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

"வேற என்ன சொல்லணும்" என்று புள்ளிக்காரர் ஃபோனை வைத்தார்.

அதற்கு மேல் அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. நர்சரியை விசாரித்துக்கொண்டு போனார். மரநிழலில் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார் தோட்டக்காரம்மா. இவரைப் பார்த்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"காசு கெடைச்சுருச்சும்மா" என்று ஆரம்பித்தார்.

"கேள்விப்பட்டேன். குழாயடிலதான கெடைச்சுது?"

"உனக்கு எப்படி..."

"அன்னைக்கு நீங்க அங்க வரும்போது உங்க காதுல இருந்தது கீச்சுன்னு கத்துச்சு. ஒரு பக்கம் தள்ளி விட்டிருந்தீங்க, எனக்கே நல்லாக் கேட்டுச்சு. ஆணிக்கு அப்படிக் கத்தல. அதனாலதான் நல்லாப் பாத்தீங்களான்னு கேட்டேன்." குரலில் கோபம்கூட இல்லை. "இல்லன்னு சொன்னீங்க. சரி, பெரிய மனுஷர், அப்புறமா வந்து எடுத்துக்கப் போறார்னு நினைச்சேன். அதே மாதிரி வந்தீங்க. ஒண்ணு குறையுதாமே. நான் எடுக்கல. யார் எடுத்தாங்கன்னு நான் கேக்கவும் முடியாது."

புள்ளிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தன்னைத் திருடன் என்று ஒருத்தர் நேருக்கு நேர் நினைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தம்மா அதை அத்தனை நாளும் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

"நான் எடுக்கலம்மா. எனக்கு அது கேக்கல."

"அவ்வளவு சத்தமாக் கத்துச்சே."

"கேக்காதும்மா எனக்கு. அந்த மாதிரிச் சத்தம் எதுவுமே கேக்காது. காது போச்சு."

தோட்டக்காரம்மா நம்பவில்லை. அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு மேலே கையைக் காட்டினார். "இந்தக் குருவிங்க கத்துறது?"

"எந்தக் குருவி?"

அவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கிளை முழுக்கக் குருவிகள். இங்கே தத்தி அங்கே தத்தி, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மரத்தடியில் வந்து நின்றதிலிருந்து அவருக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. ஊரில் குருவியே இல்லாமல் போய்விட்டது என்று போன மாதம்தான் மனைவியிடம் அலுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒன்றும் சொல்லாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தது இப்போது ஞாபகம் வந்தது. நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப்போனார்.

தோட்டக்காரம்மா குனிந்து, பாதி நிரம்பிய பையை நிமிர்த்தி வைத்தார். "இதை என்கிட்டச் சொல்லி என்ன ஐயா ஆகப்போகுது" என்றார். "அங்க வந்து சொல்லுங்க. அன்னைக்கு யார் யார் இருந்தாங்களோ அவங்க முன்னாடி சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அதே தோட்டத்தில், அதே பின்வாசலில் எல்லோரும் இருந்தார்கள். இந்தத் தடவை சட்டைக்கு இஸ்திரி போட அவர் மனைவியை விடவில்லை. மனைவி கூட வந்திருந்தார். தோட்டக்காரம்மா குழாயடியில் நின்றார்.

"பேட்டரி வீக்கா இருந்ததுன்னு சொன்னது பொய் சம்பந்தி" என்றார். "டேப் வெயில்ல கழண்டதும் பொய். எனக்குக் காது கேக்கல. வெள்ளி கத்துறது கேக்கல, ரெண்டு வருஷமாவே கேக்கல. அது தெரியாம இந்தத் தோட்டத்துல ஒண்ணுமில்லன்னு சொன்னேன். தெரிஞ்ச பிறகு மறைச்சேன். இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

பின்வாசலில் சம்பந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தாள். அப்பா மேல் அவளுக்கு வந்தது கோபமா இரக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அதைத் தாங்கும் திராணி அவருக்கு அப்போது இல்லை.

சம்பந்தியம்மாதான் மெல்ல இழுத்தார். "சரி, ஆனா அந்த ஒண்ணு குறையுறது..."

புள்ளிக்காரர் தோளிலிருந்த கருவியை இறக்கி, கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினார். சத்தத்தை நன்றாகக் குறைத்து, தோட்டக்காரம்மாவிடம் நீட்டினார். "நீ கேளும்மா. நான் வீசுறேன்."

அந்தம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி மாட்டினார். வயர் நீளத்துக்குள் ஒட்டி நின்றபடி இருவரும் மாதுளையிலிருந்து குழாயடி வரை, மண் வாரிய வழியிலேயே போனார்கள். வட்டு மெதுவாக இடமும் வலமும் போனது. புள்ளிக்காரர் திரையைப் பார்க்கவில்லை, அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

பாதி வழியில், "நில்லுங்க" என்றார் தோட்டக்காரம்மா. "கீச்சுங்குது."

அவர் வட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். "இப்ப?"

"ஆமா. இப்பவும்."

ஹெட்போனை வாங்கிக்கொண்டு பட்டனை அழுத்தினார். ம்ம்ம் கேட்டது. குறுக்கே, நெடுக்கே. விரலை ஊன்றினார். இந்தப் புள்ளியில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. மண்டியிட்டுக் கீறினார். ஸ்க்ரூடிரைவரை இறக்கிப் பார்க்கக்கூட மறந்துவிட்டார். கத்தி எதிலோ உரசியது. மண்ணைத் தள்ளினால் காசு செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. கறுத்த முகத்தில் புதுக் கீறல் ஒன்று பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அவர் வாழ்நாளில் கீறிய முதல் காசு.

"பரவால்ல சம்பந்தி, பரவால்ல" என்று சம்பந்தி அதை வாங்கிக்கொண்டு, அவர் காதருகே வந்து கத்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள். பேச்சு நன்றாகவே கேட்கும் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

சம்பந்தியம்மா, "நாளைக்கே வந்துரும்மா, எதையும் மனசுல வச்சுக்காத" என்றார்.

"இல்லம்மா. அந்த நர்சரிக்காரருக்கு ஒரு ஃபோன் மட்டும் போட்டுச் சொல்லிருங்க. இப்பவே சொல்லுங்க, நான் நிக்கிறேன்."

சம்பந்தி ஃபோன் போட்டுச் சொன்னார். காசு எங்கள் தோட்டத்திலேயே கிடைத்துவிட்டது, தப்பு எங்களுடையது என்று சொல்லி முடிக்கும் வரை தோட்டக்காரம்மா அசையாமல் நின்று கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக் கதவை நோக்கி நடந்தார். புள்ளிக்காரர் முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் பின்னாலேயே போனார்.

"என்னை மன்னிச்சுரும்மா."

தோட்டக்காரம்மா கதவில் கை வைத்தபடி திரும்பினார். கத்தவில்லை. எப்போதும் பேசுகிற அதே தணிந்த குரலில்தான் சொன்னார்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப இன்னொரு தடவை பாத்திருக்கலாமே ஐயா."

அது அவர் காதில் ஓர் எழுத்து விடாமல் விழுந்தது.